பாதத்தையும் கணுக்காலையும் பற்றும் கீல்வாயு

‘கைத்தறி’ என்று நாம் பெயரிட்டு வழங்குகிறோம். ஆயினும் தறியை இயக்குவது கை மட்டுமன்று என்பதை நெசவாளர் யாவரும் அறிவர். நாடாவை விடுவது கை. பாவைப் பிரித்து அதற்கு வழி திறப்பது கால். குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் இறக்கிய கால்களால் மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்தினாலன்றி ஓர் ஊடை இழையும் ஏறாது. உழவர்க்கும் அவ்வாறே. நாற்று நடுவதும் களை எடுப்பதும் கையின் தொழில் என்று கூறினாலும், சேற்றிலும் வரப்பிலும் நாள் முழுதும் உடலைத் தாங்கி நிற்பது பாதமே. நம் சங்கங்களின் உற்பத்தி அனைத்தும் எதன்மீது நிற்கிறதோ, அதனைப் பற்றி நாம் சிந்திப்பது மிகக் குறைவு. காலில் வலி என்று ஒருவர் சொன்னால், “வயதாகிவிட்டது”, “வாயுத் தொல்லை” என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்து விடுகிறோம்.

இக்கட்டுரையில் நான் கூற விரும்புவது ஒன்றே. கீல்வாயு என்பது ஒரே நோயன்று. ‘கீல்’ என்றால் மூட்டு. மூட்டைப் பற்றும் பல நோய்களுக்கு அது பொதுப் பெயர். அவற்றுள் ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. எது என்று காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலானவற்றைக் கட்டுப்படுத்தித் தொழிலைத் தொடரலாம். கண்டறியாமல் பொறுத்துக் கொண்டிருந்தால், பின்னர் எவ்வளவு செலவு செய்தும் மூட்டினைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

நான் மருத்துவன் அல்லன். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் ஆய்வாளன். ஆயினும் இப்பொருள் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு சங்கத்தில் நான் செய்த பிழையே அக்காரணம்.

பதிவேடு சொல்லாத செய்தி

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றின் ஆய்வுக்குச் சென்றிருந்தேன். நூல் வழங்கிய பதிவேட்டையும் துணி வரவுப் பதிவேட்டையும் ஒப்பிட்டு வருகையில் ஓர் அம்மையாரின் கணக்குக் கண்ணில் பட்டது. மாதந்தோறும் தவறாமல் நான்கு சேலைகள் கொண்டுவந்தவர், படிப்படியாக மூன்று, இரண்டு என்று குறைந்து, கடைசி மூன்று மாதங்களில் ஒன்றும் கொண்டுவரவில்லை. அவர் பெயரில் நூல் நிலுவை இருந்தது.

காரியதரிசியை வினவினேன். “வயது நாற்பத்தைந்துதான் ஐயா. காலையில் தறியில் இறங்குவதே இல்லை. ஆனால் உச்சிப் பொழுதுக்குமேல் பார்த்தால் தெருவில் நன்றாகவே நடக்கிறார். நூலை வெளியில் கொடுத்துவிட்டாரோ என்று குழுவினருக்கு ஐயம்” என்றார். நானும் அதனை ஏற்று, ‘சிரத்தையற்ற அங்கத்தினர். நூல் நிலுவையை வசூலித்து, பெயரை நீக்குவது குறித்து நிர்வாகக் குழு முடிவு செய்யலாம்’ என்று குறிப்பு எழுதினேன்.

தறியை நேரிற் காண வேண்டியிருந்தமையால், மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் இல்லத்திற்குச் சென்றோம். பாவு தறியில் ஏறியபடியே இருந்தது. நூல் பெட்டியில் ஒரு சிட்டமும் குறையவில்லை. அம்மையார் சுவரைப் பற்றிக்கொண்டு, முன்பாதம் தரையிற் படாமல் குதிகாலை ஊன்றி நடந்து வந்தார்.

“என்னம்மா, காலில் என்ன?” என்று கேட்டேன்.

“காலையில் எழுந்ததும் பாதத்தை ஊன்ற முடியவில்லை ஐயா. கூழாங்கல்லின்மேல் நிற்பதுபோல் இருக்கிறது. கைவிரலும் மடங்குவதில்லை. பத்து, பதினொரு மணிக்குமேல் கொஞ்சம் இளகும். காலையில் தறியில் இறங்கி மிதித்தால் உயிர் போகிறது. யாரிடம் சொன்னாலும், ‘மத்தியானம் நடக்கிறாயே’ என்கிறார்கள்” என்றார்.

பகலில் இளகுவது அந்நோயின் இயல்பு. அவ்வியல்பே அவர்மீது பழியைச் சுமத்தியது. பதிவேட்டில் தேதி உண்டு, நாழிகை இல்லை. அன்று மாலையே என் குறிப்பை அடித்துத் திருத்தினேன். ஆனால், அக்குறிப்பை மாற்றாமல் விட்டுச் சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்னும் எண்ணம் இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. அதன் பின்னரே மருத்துவர்களை அணுகியும் நூல்களைப் பயின்றும் இதனைப் பற்றி அறிந்துகொண்டேன்.

பாதத்தின் அமைப்பு

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை 33 மூட்டுகளால் இணைந்துள்ளன. உடலின் 206 எலும்புகளுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இரு பாதங்களிலுமே அமைந்துள்ளது. எலும்பின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. மூட்டைச் சுற்றிய சவ்வு, எண்ணெய் இடுவதுபோல் ஒரு நீரைச் சுரந்து உராய்வைத் தடுக்கிறது. குருத்தெலும்பு தேய்ந்தாலும், சவ்வு அழன்றாலும், அந்நீரில் உப்புத்துகள் படிந்தாலும் மூட்டு வலிக்கும். காரணம் வேறு வேறாயினும் வலி என்னும் அறிகுறி ஒன்றே.

வலி எங்கே, எப்பொழுது தோன்றுகிறது என்பது காரணத்தை அறிய உதவும். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது கணுக்கால் மூட்டு. மிதிக்கட்டையை அழுத்தும்போதும் மேட்டில் ஏறும்போதும் வலித்தால் அம்மூட்டின்மீது ஐயம் கொள்ளலாம். அதற்குக் கீழே, குதிகால் எலும்பின்மேல் உள்ள மூட்டு பாதத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிறது. சமதரையில் துன்பமின்றி நடப்பவர் வரப்பிலும் உழுத நிலத்திலும் வலியுறுவாராயின் கோளாறு பெரும்பாலும் இங்கேயே இருக்கும். குந்தி அமரும்போதும், அடியெடுத்து வைக்க உந்தும்போதும் வலிப்பது பெருவிரலின் அடிமூட்டு. மருத்துவரிடம் செல்வோர் ‘கால் வலிக்கிறது’ என்று மட்டும் கூறாது, விரலால் இடத்தைத் தொட்டுக்காட்டி, எவ்வேலையின்போது வலிக்கிறது என்றும் சொல்வாராயின் பாதி வேலை முடிந்துவிடும்.

தேய்மானத்தால் வருவது

முதல் வகை தேய்மானக் கீல்வாயு. முழங்காலில் இது பெரும்பாலும் வயதினாலும் உடற்பருமனாலும் வருகிறது. கணுக்காலில் அவ்வாறன்று. கணுக்கால் தேய்மானத்திற்குப் பெரும்பான்மையான காரணம் பழைய காயமே. இருபதாம் வயதில் வரப்பில் சறுக்கிக் கால் பிசகியிருக்கும்; அல்லது எலும்பு முறிந்து, சரியாகப் பொருந்தாமல் கூடியிருக்கும். வீக்கம் வடிந்தவுடன் அதனை மறந்துவிடுவோம். பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே கணுக்கால் வலிக்கத் தொடங்கும். ஆகவே, இன்று கால் பிசகிய இளைஞர் அதனை அலட்சியம் செய்யலாகாது. நான்கு அடி வைத்து நடக்கவும் முடியவில்லை என்றால் எலும்பு முறிந்துள்ளதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இவ்வகையில் வலி வேலை செய்யச் செய்ய மிகும், ஓய்வில் தணியும். காலையில் விறைப்பு இருப்பினும் பொதுவாக அரைமணிக்குள் விலகிவிடும். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் மாத்திரை எதுவும் இல்லை என்பதை நினைவிற் கொள்க. அங்ஙனம் விளம்பரம் செய்வோரிடம் பொருளை இழக்க வேண்டா. எடையைக் குறைத்தல், தக்க காலணி, பயிற்சி, தேவையான அளவு வலி மருந்து ஆகியவையே துணை. இவற்றால் பயன் காணாதவர்க்கு மூட்டினை அசைவறப் பிணைக்கும் அறுவைச் சிகிச்சையும், தக்கவர்க்குச் செயற்கை மூட்டுப் பொருத்துவதும் உண்டு. பிணைத்த மூட்டு அசையாது. ஆயினும் அதன் வலி பெரிதும் நீங்கும்.

சவ்வு அழல்வதால் வருவது

இரண்டாம் வகையே அவ்வம்மையாரைப் பற்றியது. முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் இதனை வழங்குவர். நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே திசைமாறி, மூட்டுச் சவ்வைத் தாக்குவதால் இது விளைகிறது. ஆடவரைவிடப் பெண்டிர்க்கு இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. முதியோர்க்கே வரும் என்பதும் இல்லை. முப்பது, நாற்பது வயதிலும் வரும். பீடி, சிகரெட்டுப் புகைப்போர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பும் கடுமையும் கூடுதல்.

இதன் அடையாளங்கள் மூன்று. காலை விறைப்பு அரைமணிக்கு மேற்பட்டு, சிலர்க்கு இரண்டு, மூன்று மணி நேரமும் நீடிக்கும். ஓய்வில் மிகுந்து, அசைய அசையக் குறையும். பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே வகையாக, கைவிரல்களின் அடிமூட்டுகளிலும் கால்விரல்களின் அடிமூட்டுகளிலும் வீக்கம் தோன்றும். முன்பாதத்தின் இரு ஓரங்களையும் கையால் பற்றி மெல்ல அமுக்கினால் நன்கு வலிக்கும். இவ்வடையாளங்கள் ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்குமாயின் காலம் தாழ்த்தாது மருத்துவரைக் காண்க. இரத்தப் பரிசோதனை உதவும். ஆயினும் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதனால் மட்டும் நோய் இல்லை என்று முடிவு கட்ட இயலாது.

நோய் தொடங்கிய முதற் சில மாதங்களே பொன்னான காலம். அப்பொழுது தக்க மருந்தைத் தொடங்கினால் எலும்பு அரிப்பதைத் தடுக்கலாம். விரல்கள் கோணிய பின் தொடங்கினால் வலி குறையுமேயன்றிக் கோணல் நிமிராது.

இந்நோய்க்கு முதலில் தரப்பெறும் மருந்துகளுள் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். இது குறித்து ஓர் எச்சரிக்கையை அங்கத்தினர் அனைவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இம்மருந்து வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத் தக்கது. மறதியால் நாள்தோறும் உட்கொண்டோர் உயிரிழந்ததும் உண்டு. ஆகவே, ‘ஞாயிறு’ என்றோ ‘புதன்’ என்றோ கிழமையை மருந்துச் சீட்டில் பெரிதாக எழுதி வாங்கி, வீட்டில் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி வைக்க வேண்டும். இதனை உட்கொள்ளும் காலத்தில் கருவுறலாகாது, மது கூடாது, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இரத்தப் பரிசோதனை தவறலாகாது. மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் குணமில்லை என்று நிறுத்திவிடுவோர் தமக்குத் தாமே தீங்கு செய்தவராவர்.

உப்புத்துகள் படிவதால் வருவது

மூன்றாம் வகையை யூரிக் அமிலக் கீல்வாயு எனலாம். மருத்துவர் கவுட் என்பர். மாலையில் நலமுடன் படுத்தவர், நள்ளிரவில் பெருவிரல் மூட்டில் நெருப்பு வைத்தாற்போன்ற வலியால் துடித்தெழுவார். மூட்டுச் சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலும் பொறுக்க இயலாததாகும். கணுக்காலிலும் இது வரும். ஓரிரு வாரத்தில் தானே தணிந்துவிடும். ‘போய்விட்டது’ என்று நாம் கருதுவோம்; ஆனால் உப்பு மூட்டிலேயே தங்கியிருக்கும். மீண்டும் மீண்டும் வந்து நாளடைவில் மூட்டினை அரித்துவிடும். நாற்பது வயதைக் கடந்த ஆடவர்க்கும், மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கும், சிறுநீரகக் கோளாறு உடையோர்க்கும், இரத்த அழுத்தத்திற்காகச் சில வகை நீர் மாத்திரைகளை உட்கொள்வோர்க்கும் இது மிகுதி.

இந்நோய் உடையோர் மதுவை, சிறப்பாகப் பீரை, விலக்க வேண்டும். ஈரல் முதலிய உள்ளுறுப்பு இறைச்சியையும், மத்தி, நெத்திலி போன்ற மீன்களையும், சர்க்கரை கலந்த புட்டிப் பானங்களையும் குறைப்பது நலம். பருப்பையும் கீரையையும் அடியோடு விலக்க வேண்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவற்றால் இந்நோய் மிகுவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. ஏழைக் குடும்பத்தின் புரதமான பருப்பை வீணான அச்சத்தால் தள்ள வேண்டா. அதே வேளையில், பத்தியம் ஒன்றே இதற்கு மருந்து என்று இருப்பதும் தவறு. யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாமையே பெரும்பாலோர்க்கு மூலகாரணம். அடிக்கடி வருவோர்க்கு அலோபூரினால் போன்ற மருந்தை நெடுநாள் தந்து, இரத்தத்தில் அதன் அளவை 6 மில்லிகிராமுக்குக் கீழ் வைத்திருப்பர். வலியுள்ள நாளில் எடுத்த பரிசோதனையில் அளவு சரியாக இருப்பதும் உண்டு. எனவே வலி தணிந்த பின் மறுபடியும் பார்க்க வேண்டும்.

காய்ச்சலின் பின் வருவது

நம் நாட்டில் இம்மூன்றோடு மற்றொன்றையும் சேர்த்தல் வேண்டும். அது சிக்கன்குனியாக் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் மூட்டுவலி. 1952-இல் இன்றைய தான்சானியா நாட்டுப் பகுதியில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது. உடலை வளைத்து முடக்குவது என்னும் பொருள்பட அந்நாட்டு மக்களின் மொழியிலேயே பெயர் அமைந்தது. 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் பரவியது. பின்னர் 2006-இல் தென்னாடு முழுவதும் பரவியதை நம்மில் பலர் நேரிற் கண்டோம். காய்ச்சல் சில நாளில் நீங்கினாலும் கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டுகளின் வலி சிலர்க்கு மாதக்கணக்கிலும், சிலர்க்கு ஆண்டுக்கணக்கிலும் நீடித்தது. பெரும்பாலோர்க்குக் காலப்போக்கில் தணியும். மூன்று மாதத்திற்கு மேலும் வீக்கம் இருப்பின் முடக்குவாதமா என்று பரிசோதித்துக் கொள்க. இதனைப் பரப்பும் கொசு, வீட்டில் தேங்கிய நல்ல நீரிலேயே முட்டையிடுகிறது. ஆகவே, நீர்த்தொட்டியை மூடி வைப்பதும், வாரத்திற்கொரு முறை கழுவிக் காயவைப்பதும் காலைக் காக்கும் செயல்களேயாம்.

காலம் தாழ்த்தக் கூடாத நிலைமைகள்

ஒற்றை மூட்டு திடீரென வீங்கிச் சூடேறி, காய்ச்சலும் சேர்ந்து, அசைக்கவே இயலாதிருப்பின் அது மூட்டில் சீழ் கொண்டதாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஓரிரு நாள் தாமதமும் மூட்டினை அழிக்கக் கூடும்.

நீரிழிவு உடையவரின் பாதம் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தும் வலி அவ்வளவாக இல்லை என்றால், ‘வலி இல்லையே’ என்று மகிழ வேண்டா. நரம்பு உணர்விழந்து, எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்குவதாக இருக்கலாம். அக்காலை ஊன்றாமல் உடனே மருத்துவரை அடைதல் வேண்டும். உணர்வு குறைந்த பாதத்திற்கு வெந்நீரிலும் செங்கல் ஒத்தடத்திலும் சூடு தெரியாது. தோல் வெந்து புண்ணான பின்னரே தெரியும். நீரிழிவுடையோர் அவ்வொத்தடத்தை அறவே தவிர்க்க வேண்டும்.

மருந்தில் எச்சரிக்கை

கூலி இழக்க அஞ்சி, ஊசி போட்டுக்கொண்டு அன்றே தறியில் இறங்குவோர் பலர். பெயரெழுதாத பொட்டலத்தில் தரும் மாத்திரையும் பொடியும் ஒரே நாளில் வலியைப் போக்குமாயின், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும் என்று ஐயுறுக. நெடுநாள் உட்கொண்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். அதைவிட முக்கியமானது, பல நாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. பொட்டலத்துடன் மருத்துவரிடம் சென்று, அவர் சொல்லும் முறைப்படி குறைக்க வேண்டும். டைக்குளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் நீண்டநாள் உட்கொண்டால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சித்த மருத்துவம் நாடுவோர் பட்டம் பெற்ற மருத்துவரை நாடுக. ஒரு வேளையில் இரு மருத்துவரிடம் மருந்து பெறின், ஒருவர் தருவதை மற்றவர்க்கு மறைக்க வேண்டா.

தறியிலும் வயலிலும்

மருந்தினும் பெரிது பழக்கம். அரைமணி அல்லது முக்கால் மணிக்கொரு முறை மிதிப்பதை நிறுத்திக் கால்களை நீட்டி, கணுக்காலைச் சுழற்றுக. காலை விறைப்பு உடையோர், இயலுமாயின், தார் சுற்றுதல் போன்ற அமர்ந்த வேலையைக் காலையிலும், மிதிக்கும் வேலையை விறைப்பு நீங்கிய பின்னும் வைத்துக்கொள்ளலாம். தறிக்குழியில் செருப்புடன் இறங்குவது நம் வழக்கமன்று. ஆகவே மிதிக்கட்டையைச் சற்று அகலமாக்கி, அதன்மீது பழைய துணியையோ ரப்பரையோ மெத்தெனக் கட்டினால் முன்பாதத்தின் ஓரிடத்திலேயே பாரம் விழுவது குறையும். ஜக்கார்டு தூக்குவதற்கு மின்விசைக் கருவி பொருத்திய தறிகளில் காலின் சுமை பெரிதும் குறைகிறது. வசதியுள்ள சங்கங்கள் இதனைக் கருதலாம்.

வெளியில் நடப்போர் பின்வார் உள்ள, அடி கெட்டியான, முன்புறம் அகன்ற காலணி அணிக. விரலிடுக்கில் வார் மட்டும் உள்ள தேய்ந்த செருப்பு, விரல்களை இறுக்கிப் பிடித்து நடக்கச் செய்யும். அது வலியை மிகுவிக்கும். எம்.சி.ஆர். செருப்பின் மெத்தென்ற உள்ளடி முன்பாத வலிக்கு நல்லது. பாதம் மாலையில் சற்று வீங்குமாதலின் மாலையிலேயே அளவு பார்த்து வாங்குக. ஊன்றுகோல் பிடிப்போர் வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையிற் பிடிக்க வேண்டும்; பலர் இதனை மாற்றிச் செய்கின்றனர்.

சூடான வீக்கத்திற்குத் துணியிற் சுற்றிய பனிக்கட்டியும், வெறும் விறைப்பிற்கு இளஞ்சூடான ஒத்தடமும் பொருந்தும். பயிற்சிக்குச் செலவில்லை. அமர்ந்தபடி காலை நீட்டி, பெருவிரலை எழுதுகோலாகக் கொண்டு ‘அ’ முதல் ‘ஔ’ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் காற்றில் எழுதினால் கணுக்கால் எல்லாப் பக்கமும் அசையும். தரையில் விரித்த துணியைக் கால்விரல்களால் சுருட்டிச் சுருட்டி இழுத்தல் பாதத் தசைகளை உரமாக்கும். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்வைத்துக் குதிகால் தரையில் படியச் சாய்ந்து நிற்றல் கெண்டைக்காலை இளக்கும். மூட்டுச் சூடேறி வீங்கிய நாளில் மட்டும் பயிற்சியைக் குறைத்துக்கொள்க.

சங்கங்களின் கடமை

ஓர் அங்கத்தினரின் உற்பத்தி தொடர்ந்து மூன்று மாதம் குறைந்தால், நோட்டீசு அனுப்புமுன் இல்லத்திற்குச் சென்று, அதுவும் காலைப் பொழுதில் சென்று, காரணத்தைக் கேட்டறிவதை நிர்வாகக் குழுவினர் வழக்கமாக்கிக் கொள்ள வேண்டுகிறேன். பதிவேட்டில் ‘குறிப்பு’ என்னும் பத்தி பெரும்பாலும் வெற்றாகவே கிடக்கிறது. ‘காலில் வீக்கம், மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்’ என்று ஒரு வரி எழுத இடம் அங்கே உண்டு. மகாசபைக் கூட்டம் நடக்கும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் செய்வதற்குச் செலவு அதிகமில்லை.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இல்லத்திற்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவப் பிரிவிலும் எலும்பு மருத்துவப் பிரிவிலும் காட்டலாம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கீல்வாயு நோய்க்கெனத் தனித்துறையே உண்டு. வழி தெரியாமையே பலர்க்குத் தடை. வழி காட்டுவதும் கூட்டுறவே.

அவ்வம்மையாரைச் சங்கத்தாரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். முடக்குவாதம் எனக் கண்டு மருந்து தொடங்கினர். முதல் இரண்டு மாதம் பயன் தெரியாமல் அவர் மனம் சோர்ந்ததுண்டு, ‘நிறுத்திவிடலாமா?’ என்று கேட்டதும் உண்டு. தொடர்ந்து உட்கொண்டார். மறு ஆண்டு ஆய்வின்போது துணி வரவுப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே மாதம் மூன்று சேலைகள் பதிவாகியிருந்தன. பழைய நான்கு இன்னும் எட்டவில்லை. இடக்காலின் இரண்டு விரல்கள் கோணியது கோணியதே. ஓராண்டு முன்னரே கண்டிருந்தால் அதுவும் நேர்ந்திராது என்று மருத்துவர் சொன்னதாகக் காரியதரிசி கூறினார்.

அந்த ஓராண்டில் அவர் கணக்கு மாதந்தோறும் நம் கண்முன்னே குறைந்துகொண்டுதான் இருந்தது. எண்களைக் கண்டோம், காரணம் கேட்கவில்லை. இனியேனும் கேட்போமாக. காலில் வலியுள்ள அங்கத்தினர்களும், நம்மை என்ன நினைப்பார்களோ என்று மறைக்காமல், வலி தோன்றிய ஆறு வாரத்திற்குள் மருத்துவரிடம் சென்று, ‘இது எவ்வகை?’ என்று கேட்டறிவார்களாக.